எங்கே நோகிறது என்று முதலில் விரல் வையுங்கள்

தமிழில் இடுப்புக்குக் கீழே எல்லாமே கால்தான். "கால் நோகுது டொக்டர்" என்று சொன்னால், தொடையா, முழங்காலா, கணுக்காலா, குதிக்காலா என்று எதிரில் இருப்பவர் நாலு கேள்வி கேட்க வேண்டும். ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) உங்களுக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் பாதி அந்த விசாரணையிலேயே போய்விடும். ஆகவே தைலம் வாங்குவதற்கும் பனடோல் விழுங்குவதற்கும் முன்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்து, நோகும் காலை மற்றத் தொடைமேல் தூக்கி வையுங்கள். சுட்டுவிரல் நுனியால் பாதம் முழுக்க, ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடமாக, அழுத்திக்கொண்டே போங்கள். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். வலி பெரும்பாலும் அவற்றில் ஏதோ ஒன்றின்மேல், அல்லது அவற்றை இழுத்துப் பிடிக்கும் ஒரு நாரின்மேல், விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில்தான் இருக்கும். விரலால் காட்ட முடியாமல், உள்ளங்கையால் தடவி "இந்தப் பக்கம் முழுக்க" என்று சொல்லத் தோன்றினால், நரம்பு, இரத்த ஓட்டம், அல்லது உடம்பு முழுவதையும் பிடித்த ஒரு நோய் என்று யோசிக்க வேண்டும்.

இடம் தெரிந்த பிறகு நேரம். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியிலா, நடக்க நடக்கவா, படுத்த பிறகா? மூன்றாவது கேள்வி, கடந்த ஆறு கிழமைக்குள் என்ன மாறியது: புதுச் செருப்பா, புது வேலையா, திடீரென்று தொடங்கிய நடைப்பயிற்சியா, காய்ச்சலா? இந்த மூன்றுக்கும் விடை இருந்தால் பெயர் தெரியாவிட்டாலும் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

காத்திருக்கக் கூடாதவை

எலும்பு கோணிப்போனது கண்ணுக்குத் தெரிகிறது. விரல்கள் வெளிறியோ நீலமாகவோ குளிர்ந்துவிட்டன. காயத்தோடு காய்ச்சலும் மேலே ஏறும் சிவப்பும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி இறுகிவிட்டது. குதிக்கால் பின்நரம்பில் (கெண்டைச் சதையைக் குதிக்காலோடு இணைக்கும் தடித்த நாரில்) யாரோ உதைத்த மாதிரி "டப்" என்ற உணர்வு. இவற்றில் எதுவானாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நடக்க முடியாதவரை ஆட்டோவுக்குள் மடக்கித் திணிக்காமல் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். அதற்குக் காசில்லை.

பின்நரம்பு அறுந்ததா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, கெண்டைச் சதையைக் கையால் பிழியுங்கள். நல்ல காலில் பாதம் கீழ்நோக்கி அசையும். நோகும் காலில் அசையவே இல்லையென்றால் நரம்பு அறுந்திருக்கும். "கொஞ்சம் நடக்க முடியுதே" என்று இதைச் சுளுக்காக எண்ணி இரண்டு கிழமை எண்ணெய் தேய்ப்பவர்கள் உண்டு. அறுந்த முனைகள் தள்ளிப்போன பிறகு வைத்தியம் இரட்டிப்புக் கடினம். சிப்ரோஃப்ளொக்சசின் வகை அன்டிபயோடிக் எடுக்கும்போது இந்த நரம்பு புதிதாக நோகத் தொடங்கினால், மருந்து எழுதிய வைத்தியரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். அந்த மருந்து வகைக்கு நரம்பைப் பலவீனப்படுத்தும் குணம் இருக்கிறது.

குதிக்கால்: காலையின் முதல் அடி

கட்டிலை விட்டு இறங்கியதும் குதிக்காலுக்குள் ஆணி ஏறுகிறது. பத்து அடி நடந்தால் குறைகிறது. பகலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் திரும்பவும் ஏறுகிறது. பெருவிரலால் அழுத்தினால் குதிக்காலின் அடியில், உட்பக்கமாக, உள்வளைவு தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு புள்ளி உயிர் போகிற மாதிரி நோகிறது. குதிக்கால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த நார்ப்பட்டையின் தொடக்கம் அந்த இடம். இரவில் பாதம் கீழ்நோக்கித் தொங்கும்போது அது சுருங்கிக் கிடக்கிறது. காலையில் முழு உடற்பாரமும் ஒரேயடியாக அதை இழுக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

கொழும்பில் இது அதிகம் வருவது யாருக்கு என்று பார்த்தால் காரணமும் தெரியும். புறக்கோட்டை மெயின் வீதிக் கடைகளில் பத்து மணித்தியாலம் நின்று துணி விரிப்பவர்கள், வெள்ளவத்தை மாடிவீடுகளில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு விடிய நாலரைக்கே குசினியில் நிற்கும் அம்மாமார், ஒரு வருசமாக அசையாமல் இருந்துவிட்டு ஒரே கிழமையில் சுதந்திர சதுக்கத்தைத் தினமும் ஆறு சுற்றுச் சுற்றத் தொடங்குபவர்கள். தரை மண்ணாக இருந்த காலத்தில் வெறுங்கால் வேறு கதை. டைல்ஸ் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது.

என்ன செய்வது? படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே முதல் வேலை தொடங்குகிறது. உட்கார்ந்து, நோகும் காலை மற்ற முழங்காலின்மேல் போட்டு, அதே பக்கக் கையால் ஐந்து விரல்களையும் பிடித்து முன்காலெலும்பை நோக்கி மடக்குங்கள். மற்றக் கையின் பெருவிரலை உள்ளங்காலில் வைத்துப் பாருங்கள். வீணைத் தந்தி மாதிரி ஒரு நார் விறைத்து நிற்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் மடக்குங்கள். பத்து விநாடி பிடித்து விடுவது ஒரு தடவை. அப்படிப் பத்துத் தடவை. ஒரு நாளைக்கு மூன்று முறை, அதில் முதல் முறை கட்டாயம் முதல் அடிக்கு முன்னால்.

இரண்டாவது, கெண்டைக்கால். சுவரில் கைகளை ஊன்றி, நோகும் காலைப் பின்னால் வைத்து, முழங்கால் நேராக, குதிக்கால் தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாயுங்கள். 30 விநாடி, மூன்று தடவை. பிறகு அதே நிலையில் பின்முழங்காலைக் கொஞ்சம் மடித்து இன்னும் மூன்று தடவை, ஏனென்றால் உள்ளே இருக்கும் இன்னொரு சதை அப்போதுதான் இழுபடும். பலர் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து இதைச் செய்கிறார்கள். அப்போது இழுவை வேறிடத்துக்குப் போய்விடும். பெருவிரல் சுவரை நேராகப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இரண்டு கிழமை கழித்து, பலப்படுத்தல். மாடிப்படி ஓரத்தில் முன்பாதத்தை ஊன்றி, விரல்களுக்குக் கீழே ஒரு துவாயைச் சுருட்டி வைத்து, கைபிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று விநாடி எடுத்து மேலே எழும்பி, இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடி எடுத்து இறங்குங்கள். 12 தடவை ஒரு சுற்று, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். ஆரம்பத்தில் இரண்டு காலாலும், பிறகு நோகும் காலால் மட்டும், பிறகு முதுகுப்பையில் இரண்டு மூன்று தடித்த புத்தகங்களோடு. செய்யும்போது கொஞ்சம் நொந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை முதல் அடி முன்னையதைவிடக் கூட நொந்தால், பாரத்தைக் குறைக்க வேண்டும்.

இதோடு வீட்டுக்குள் மட்டும் போட ஒரு தடித்த, மெத்தென்ற சிலிப்பர் வாங்குங்கள். வெளியே போட்டதை உள்ளே கொண்டுவரக் கூடாது என்ற வழக்கம் நல்லதுதான். வெறுங்காலோடுதான் திரிய வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லையே. மாலையில் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை உறையவைத்து, மேசு போட்ட காலால் பத்து நிமிடம் உருட்டினால் அன்றைய நோ அடங்கும். அளவெடுத்துச் செய்யும் விலைகூடிய இன்சோலும் கடையில் தொங்கும் சாதாரண இன்சோலும் இந்த வலிக்குப் பெரிய வித்தியாசம் காட்டுவதில்லை. மலிவானதில் தொடங்குங்கள்.

கிழமைக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் ஆறும் நோய் இது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருசத்துக்குள் சத்திரசிகிச்சை இல்லாமலே சரியாகும். ஒழுங்காகச் செய்தால் இரண்டு மூன்று மாதத்தில் நல்ல மாற்றம் தெரியும். கெட்டுப்போவது எங்கே என்றால், பத்து நாள் செய்துவிட்டு "இது சரிவராது" என்று ஊசிக்குப் போவதில். ஸ்டீரோய்ட் ஊசி சில கிழமைக்கு வலியை அமர்த்தும். திரும்பத் திரும்பப் போட்டால் நார் அறுவதற்கும், குதிக்காலின் கொழுப்பு மெத்தை மெலிவதற்கும் இடமுண்டு. எக்ஸ்ரேயில் "எலும்பு முள் வளர்ந்திருக்கு" என்றால் பயப்படவும் வேண்டாம். வலியே இல்லாத எத்தனையோ பேரின் குதிக்காலில் அந்த முள் இருக்கிறது. அதை வெட்ட வேண்டும் என்று யாரும் அவசரப்படுத்தினால் இன்னொரு வைத்தியரைக் கேளுங்கள்.

குதிக்காலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பக்கவாட்டில் நசுக்கும்போது நொந்தால் எலும்பிலேயே மயிரிழை வெடிப்பு இருக்கலாம். இழுவைப் பயிற்சி வேண்டாம், வைத்தியரிடம் போங்கள். நாற்பது வயதுக்குள், இரண்டு குதிக்காலும் நோக, விடியலில் முதுகும் அரை மணித்தியாலத்துக்குமேல் பிடித்திருந்தால் அது மூட்டுவாத வைத்தியரின் விஷயம். எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளை, முதலாம் தவணை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓடிப் பழகும் நாட்களில் குதிக்காலின் பின்பக்கம் நோகிறதென்றால் பெரும்பாலும் வளரும் எலும்பின் நோதான். ஓட்டத்தைக் குறைத்து, சப்பாத்துக்குள் குதிக்காலுக்கு ஒரு மெத்தை வைத்தால் தானாகப் போகும்.

கணுக்கால் பிரண்டால்

காலி வீதியில் பஸ் முழுதாக நிற்காமல் இறக்கிவிட்டது, கானின் சிமெந்து மூடி ஆடியது, மழையில் நடைபாதைக் கல் வழுக்கியது. பாதம் உள்பக்கமாக மடிகிறது, வெளிக் கணுக்காலுக்கு முன்னாலும் கீழேயும் கோழிமுட்டை மாதிரி வீங்குகிறது. கேள்வி ஒன்றுதான்: சுளுக்கா, முறிவா? இதற்குக் கனடாவின் ஒட்டாவாவில் 1990களின் தொடக்கத்தில் வகுத்த விதிகளை உலகம் முழுக்க வைத்தியர்கள் பயன்படுத்துகிறார்கள். நீங்களும் பார்க்கலாம்.

முதலில், நொண்டியாவது நாலு அடி வைக்க முடிகிறதா? பிரண்ட உடனேயும் முடியவில்லை, இப்போதும் முடியவில்லை என்றால் எக்ஸ்ரே வேண்டும். அடுத்தது நாலு இடங்களை அழுத்துங்கள். வெளிக் கணுக்கால் எலும்பின் நுனியும் பின்விளிம்பும், நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீற்றர் வரை. உட்கணுக்காலிலும் அதே அளவு. பாதத்தின் வெளிவிளிம்பில், சின்னவிரலுக்கும் குதிக்காலுக்கும் நடுவில் துருத்தி நிற்கும் முண்டு. உள்வளைவின் உச்சியில், கணுக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் எலும்பு. இவற்றில் எந்த எலும்பின்மேல் அழுத்தினாலும் நொந்தால் எக்ஸ்ரே எடுங்கள். எதுவும் நோகாமல், முன்பக்கச் சதைப்பகுதி மட்டும் நொந்தால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சலரோகத்தால் பாதம் மரத்தவருக்கும், வெறியில் இருப்பவருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கும் இந்தச் சோதனையை நம்பக் கூடாது. உள்ளங்காலின் நடுவில் இரத்தம் கண்டிப்போய் நீலம் தெரிந்தால், வீக்கம் குறைவாக இருந்தாலும் போய்க் காட்டுங்கள். நடுப்பாத எலும்புகள் விலகியிருக்கலாம், அது எளிதில் தவறிப்போகும் காயம்.

சுளுக்கு என்று தெரிந்தால் முதல் இரண்டு நாள்: காலை இதயத்தைவிட உயர்த்தித் தலையணைகள்மேல் வையுங்கள். ஐஸை ஈரத் துவாயில் சுற்றி 15 நிமிடம், இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஐஸ் நேராகத் தோலில் படக் கூடாது. தேய்க்கவே வேண்டாம். வீட்டில் யாராவது சித்தாலேப டப்பாவோடு வருவார்கள். மூன்றாம் நாள் வரும்படி சொல்லுங்கள். புதுக் காயத்தைச் சூடுபண்ணித் தேய்த்தால் உள்ளே கசியும் இரத்தம் கூடும். முறிவு நெரிவு வைத்தியரிடம் பத்துப் போடப் போவதென்றாலும், மேலே சொன்ன சோதனையில் தப்பினால் மட்டும், அல்லது எக்ஸ்ரே எடுத்த பிறகு போங்கள்.

கிறேப் பண்டேஜ் சுற்றுவதில்தான் நிறையப் பேர் பிழைவிடுகிறார்கள். 10 சென்டிமீற்றர் அகலம் வாங்குங்கள். பாதத்தைக் காலுக்குச் செங்குத்தாக நிமிர்த்தி வைக்க வேண்டும்; தொங்கவிட்டபடி சுற்றினால் நிமிரும்போது முன்மடிப்பில் வெட்டும். சுருளை மேல்முகமாகப் பிடித்து, விரல்கள் தொடங்கும் இடத்தில் பாதத்தைச் சுற்றி இரண்டு சுற்று. பிறகு பாதத்தின் மேல்பக்கம் குறுக்காக ஏறி, கணுக்காலின் பின்னால் போய், மறுபக்கத்தால் குறுக்காக இறங்கி உள்ளங்காலுக்குக் கீழே. எட்டு என்ற இலக்கம் மாதிரி இது. ஒவ்வொரு சுற்றும் முன்னைய சுற்றின் பாதியை மூடியபடி, மூன்று நாலு எட்டு போட்டு, கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே முடியுங்கள். பண்டேஜை அது இழுபடக்கூடிய அளவில் பாதிக்குத்தான் இழுக்க வேண்டும். விரல்களை வெளியே விடுங்கள். பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை, அல்லது விரல் விறுவிறுக்கிறது என்றால் அவிழ்த்துச் சுற்றுங்கள். இரவில் கழற்றிவிடுங்கள்.

இரண்டாம் நாளிலிருந்து, உட்கார்ந்தபடி, கால் பெருவிரலைப் பேனாவாக நினைத்து அ முதல் ஔ வரை காற்றில் எழுதுங்கள், நாளைக்கு மூன்று முறை. 'ஈ'யும் 'ஐ'யும் எழுதும்போது எந்தத் திசை நோகிறது என்று உங்களுக்கே தெரியும். ஊன்ற முடிந்தவுடன் ஊன்றி நடவுங்கள். கிழமைக் கணக்கில் படுத்துக் கிடப்பது ஆறுவதைப் பின்போடும். நோ குறைந்ததும், பல் தீட்டும்போது நோகும் காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள், கை சுவருக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அது இலகுவானதும் கண்ணை மூடிக்கொண்டு. இதை நோ போன பிறகும் ஆறு கிழமையாவது தொடர வேண்டும். "எனக்கு இந்தக் கணுக்கால் அடிக்கடி பிரளும்" என்று சொல்பவர்களில் அநேகர் இந்தக் கட்டத்தைத் தாண்டாதவர்கள்தான். நார் ஆறியிருக்கும், கால் எப்படி நிற்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புணர்வு ஆறியிருக்காது.

வலி மருந்து

வளர்ந்தவருக்கு பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. உடல் மெலிந்தவர்களும் ஈரல் நோயாளரும் அதைவிடக் குறைவாக. டைக்குளோபினக், ஐபுபுரோபன் வகைகளைப் பாமசியில் சும்மா கேட்டு வாங்காதீர்கள். குடற்புண், சிறுநீரக நோய், தொய்வு உள்ளவர்களுக்கு அவை கூடாது. அதைவிட முக்கியம், காய்ச்சலோடு கால்மூட்டு நொந்தால் டெங்கு இல்லை என்று இரத்தப் பரிசோதனை சொல்லும்வரை பனடோல் மட்டுமே. மற்றவை இரத்தக்கசிவைத் தூண்டும். 2025இல் கொழும்பில் பரவிய சிக்குன்குனியாவுக்குப் பிறகு கணுக்காலும் பாதமும் மாதக்கணக்கில் வீங்கி நொந்தவர்கள் பலர். அப்படியானவர்கள் பாதத்தை மட்டும் காட்டி இன்சோல் வாங்காமல், வந்த காய்ச்சலையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

முன்பாதமும் விரல்களும்

நள்ளிரவில் பெருவிரல் மூட்டு சிவந்து, போர்வை பட்டாலும் தாங்க முடியாமல் நோகிறதென்றால் பெரும்பாலும் யூரிக் அமிலம். அந்த நேரத்தில் இரத்தத்தில் யூரிக் அமிலம் சாதாரணமாகக் காட்டவும் கூடும், ஆகவே "ரிப்போட் நோர்மல்" என்று விட்டுவிடாமல் இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் பாருங்கள். யூரிக் அமிலத்தைக் குறைக்க ஏற்கெனவே அலோபியூரினோல் எடுப்பவர் வலி வந்துவிட்டதென்று அதை நிறுத்தக் கூடாது. ஈரலும் பியரும் நெத்தலியும் கொஞ்சநாள் தள்ளியிருக்கட்டும்.

மூன்றாம் நாலாம் விரல்களுக்கு இடையில் கூழாங்கல் கிடக்கிற மாதிரியும் விரல்கள் விறைக்கிற மாதிரியும் இருந்தால் நரம்பு நெரிபடுகிறது. ஒடுங்கிய சப்பாத்தை மாற்றுவதே முதல் மருந்து. இரண்டாம் விரலுக்கு நேராகப் பாதத்தின் மேல்பக்கம் எலும்பில் புள்ளியாக நொந்து, நடக்க நடக்கக் கூடினால் மயிரிழை முறிவு. முதல் இரண்டு மூன்று கிழமை எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம். தெரியவில்லை என்பதற்காகத் திரும்ப ஓடாதீர்கள்.

கால் ஆணியா, பாலுண்ணியா என்ற குழப்பம் எல்லாருக்கும் வரும். நேராக அழுத்தினால் நோவது ஆணி. இரண்டு பக்கத்தாலும் கிள்ளினால் நோவது உண்ணி. ஆணி பிளாஸ்டர் சலிசிலிக் அமிலம் கொண்டது. சலரோகம் உள்ளவர் அதைத் தொடவே கூடாது, அது நல்ல தோலையும் அரித்துப் புண்ணாக்கும். நகத்தைக் குளித்த பிறகு நேர்கோடாக வெட்டுங்கள், மூலையைத் தோண்டாதீர்கள். சேற்றுப்புண்ணுக்கு க்ளொட்ரிமஸோல் கிறீமை நாளைக்கு இரண்டு தடவை பூசி, தோல் ஆறிய பிறகும் இரண்டு கிழமை தொடருங்கள். அரிப்பு நின்ற அன்றே விட்டால் அடுத்த மழைக்குத் திரும்பி வரும்.

ஆணி ஏறினால், வெள்ளத்தில் நடந்தால்

றப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிய ஆணி, வெறுங்காலில் ஏறியதைவிடப் பொல்லாதது. ஈரமான றப்பருக்குள் வாழும் கிருமியும் செருப்புத் துணுக்கும் அதோடு உள்ளே போகின்றன. ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் ஐந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் அடைக்க வேண்டாம். துளையை மூடித் தைக்கவும் கூடாது. அழுக்கான காயத்துக்கு, கடைசி ஏற்பு ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் திரும்பப் போட வேண்டும். எப்போது போட்டது என்று நினைவில்லையென்றால் போய்க் கேளுங்கள். இரண்டு நாளில் குறைந்த நோ நாலாம் ஐந்தாம் நாள் திரும்ப எழும்பினால் உள்ளே ஏதோ தங்கிவிட்டது, அல்லது எலும்புவரை கிருமி போகிறது. தாமதிக்க வேண்டாம்.

களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறும்போது (2016 மே மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்) காலில் கீறல் உள்ளவர் பூட்ஸ் இல்லாமல் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி கீறல் வழியாக இலகுவில் ஏறும். இறங்கி நடந்தவருக்கு அடுத்த மூன்று நாலு கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், வைத்தியரிடம் முதல் வாக்கியமாக "வெள்ளத்தில் நடந்தேன்" என்று சொல்லுங்கள். தடுப்பு மாத்திரை தேவையா என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம்.

சலரோகக் கால்

இங்கே விதிகள் தலைகீழ். மற்றவர்களுக்கு நோ ஒரு எச்சரிக்கை. சலரோகத்தால் மரத்த பாதத்தில் அந்த எச்சரிக்கை வராது. ஐஸும் வேண்டாம், சுடுதண்ணீரும் வேண்டாம். காலடியில் கடலைக்கொட்டை அளவு புண் இருந்தாலும் மறுநாளுக்குள் காட்டுங்கள். புண்ணே இல்லாமல், நோவும் இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாகி வீங்கிச் சிவந்தால் அதுவும் அவசரம். எலும்புகள் உள்ளே நொருங்கிக்கொண்டிருக்கலாம், ஊன்ற வேண்டாம்.

மரத்திருக்கிறதா என்று வீட்டில் பார்க்க ஒரு சோதனை. ஆள் கண்ணை மூடிப் படுத்திருக்க, வீட்டில் ஒருவர் இரண்டு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளைச் சுட்டுவிரலால் ஓரிரு விநாடி மெதுவாகத் தொட வேண்டும். அழுத்தவோ குத்தவோ கூடாது. தொட்டது தெரிந்தால் "வலது", "இடது" என்று சொல்லட்டும். ஆறு தொடுகையில் இரண்டோ கூடவோ தெரியாவிட்டால் உணர்வு குறைந்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் 10 கிராம் நைலோன் இழையால் பார்க்கும் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

தினமும் படுக்கப் போகுமுன் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் பாதத்தைப் பிடித்துப் பாருங்கள். விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடையுங்கள். கிறீம் குதிக்காலுக்கு மட்டும், இடுக்குக்கு இல்லை. சப்பாத்துக்குள் கால் விடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். பிள்ளையின் பென்சில் துண்டு பகல் முழுக்க உள்ளே கிடந்தும் தெரியாமல் நடந்து புண்ணாகும் கால்கள் இவை. கோயில் விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். மதியக் கருங்கல் தரை மரத்த பாதத்தைக் கொப்பளிக்க வைக்கும், ஆளுக்குத் தெரியவும் தெரியாது. காலைப் பூசைக்கோ மாலைப் பூசைக்கோ போங்கள், கேட்டுக்கொண்டு தடித்த மேசோடு உள்ளே நில்லுங்கள். ஆடிவேலுக்குச் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிவரை தார் வீதியில் வெறுங்காலோடு போகும் நேர்த்திக்கடன் இருந்தால், அதை வேறுவிதமாகத் தீர்க்க முடியுமா என்று ஐயரிடம் பேசுங்கள்.

நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டு, அதே தூரத்தில் திரும்பப் பிடிக்கிறதா? இரத்தக் குழாய் அடைப்பு. சிகரெட் பிடிப்பவரென்றால் இன்னும் சந்தேகமில்லாமல் காட்டுங்கள்.

செருப்பும் சப்பாத்தும்

மாலையில் வாங்குங்கள், பாதம் பகலில் கொஞ்சம் வீங்கும். வீட்டில் ஒரு தாளில் நின்று பென்சிலால் இரண்டு பாதத்தையும் வரைந்து, வெட்டிக் கொண்டுபோய்ச் சப்பாத்துக்குள் போட்டுப் பாருங்கள். ஓரம் மடிந்தால் அந்த அளவு ஒடுக்கம். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீற்றர் இடம் வேண்டும். பலருக்கு அது இரண்டாம் விரல். கடைக்காரர் "போடப் போட இளகும்" என்றால் வைத்துவிட்டு வாருங்கள். சப்பாத்தின் முன்நுனியையும் குதியையும் பிடித்து மடக்கினால் விரல்கள் மடியும் இடத்தில் மடிய வேண்டும். நடுவில் மடிவது நாள் முழுக்க நிற்பதற்கு உதவாது. பாட்டா வகைச் செருப்பு குளியலறைக்கும் தெருமுனைக் கடைக்கும் போதும். விரலால் இறுக்கிப் பிடித்தபடியே நடக்க வேண்டியிருப்பதால் தூர நடைக்குப் பின்வார் உள்ளதை எடுங்கள்.

எங்கே போவது

பிரண்டதும் முறிந்ததும் என்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவு, தெற்கே இருப்பவர்களுக்குக் களுபோவில, பிள்ளைகளுக்கு லேடி றிஜ்வே. ஆறு கிழமைக்குமேல் இழுக்கும் நோவுக்கு முதலில் குடும்ப வைத்தியரையோ ஓபிடியையோ பாருங்கள். நேரே சனல் பண்ணுவதென்றால் (தனியாரில் நிபுணரிடம் நேரம் எடுப்பதென்றால்) எலும்புக்கு எலும்பியல் நிபுணர். பல மூட்டுகள் நொந்தால் மூட்டுவாத நிபுணர். ஆறாத புண்ணும் குளிர்ந்த காலுமென்றால் இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சை நிபுணர். பிசியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் நாலு சிங்களச் சொல் போதும்: குதிக்கால் 'விலும்ப', கணுக்கால் 'வளலுக்கர', நோகிறது 'ரிதெனவா', சலரோகம் 'தியவடியாவ'. மிச்சத்தை விரல் காட்டும். கிளினிக் கொப்பி, எடுக்கும் மாத்திரை அட்டைகள், பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். அதோடு நாளாந்தம் போட்டுத் தேய்ந்த பழைய செருப்பையும். புதுச் செருப்போடு போனால் ஒன்றும் தெரியாது. பழையதைக் கவிழ்த்து மேசைவிளிம்பில் வைத்தால் குதியின் எந்தப் பக்கம் கூடத் தேய்ந்திருக்கிறது, எந்த விரலின் கீழே பள்ளம் விழுந்திருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.